கடைக் கொப்பியும் கைக்காசும்



  

இன்றைய உரைக்கு நான் எடுத்துக்கொண்ட விடயம் அரிசி, பருப்பு, சீனி, சவர்க்காரம் பற்றியது. மார்க்க உரையில் பலசரக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் வியக்கக்கூடும். அல்குர்ஆனில் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை எண்ணிப் பாருங்கள். அது தொழுகையைப் பற்றியதன்று, நோன்பைப் பற்றியதுமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது (2:282). அல்லாஹு தஆலா தன் வேதத்தில் ஒரு முழுப் பக்கத்தை ஒதுக்கிய விடயத்துக்கு நாம் சில நிமிடங்களை ஒதுக்குவது மிகையாகாது.

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாண்டு செப்ரெம்பர் மாதத்தில், கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி, உணவுப் பணவீக்கம் 94.9 வீதமாக இருந்தது. அதாவது முந்திய ஆண்டு 100 ரூபாய்க்கு வாங்கிய உணவுப் பொருள்களுக்கு ஏறத்தாழ 195 ரூபாய் கொடுக்க நேர்ந்தது. பின்னர் பணவீக்கம் குறைந்தது என்று செய்திகளில் சொன்னார்கள். பலர் அதை விலை குறைந்தது என்று விளங்கிக்கொண்டார்கள். பணவீக்கம் குறைவது என்றால் விலை ஏறும் வேகம் குறைவது. ஏறிய விலை பெரும்பாலும் ஏறிய இடத்திலேயே நின்றது. கூலி வேலை செய்யும் வாப்பாவின் வருமானமோ அந்த அளவுக்கு ஏறவில்லை. இடைவெளியை எதனால் நிரப்பினோம்? கடைக் கொப்பியால் நிரப்பினோம்.

கடைக் கொப்பி எதுவென்று வன்னியில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. வவுனியா சாளம்பைக்குளத்திலும், முல்லைத்தீவு தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும், கிளிநொச்சி நாச்சிக்குடாவிலும் ஏழைக் குடும்பத்துக்குச் சோறு போட்டது அந்தக் கொப்பிதான். நெல் வெட்டும் வரைக்கும், மீன் படும் வரைக்கும் பொறுத்திருந்த கடை முதலாளிமாரை நாம் குறைகூற இயலாது. அவர்களில் பலர் வராக்கடனால் கடையையே மூடியவர்கள். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கும்படி அல்லாஹ் கட்டளையிடுகிறான் (2:280). அந்தக் கட்டளையை அவர்கள் நிறைவேற்றினார்கள்.

எனினும் பெற்றோர்களே, அந்தக் கொப்பி வீட்டுக்குள் என்ன செய்கிறது என்பதைச் சற்று உற்றுநோக்குங்கள். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் கொப்பியைக் கொடுத்து அனுப்புகிறோம். பிள்ளை, "உம்மா எழுதட்டாம்" என்கிறது. முதலாளி எழுதுகிறார். ஒரு கிலோ சீனி என்ன விலை என்று பிள்ளை கேட்பதில்லை. தனக்கு ஒரு இனிப்பு எடுத்தால் அதுவும் எழுதப்படும் என்பதை அது விரைவில் கற்றுக்கொள்கிறது. இரண்டு இனிப்பு, ஒரு மென்பானம், இளைஞனானதும் தொலைபேசிக்கு ரீலோட். காசு கையிலிருந்து போனால் கை உணரும். கொப்பியில் எழுதினால் கைக்கு ஒன்றும் தெரிவதில்லை.

இதைவிடப் பெரிய பாதிப்பு ஒன்று உண்டு. கொப்பியில் 15,000 ரூபாய் நிலுவை வைத்திருக்கும் தாய், தராசில் நிறை குறைந்தால் வாய் திறப்பாளா? அடுத்த கடையில் பருப்பு 20 ரூபாய் மலிவு என்று தெரிந்தாலும் அங்கே போவாளா? போனால் இந்தக் கடைக்காரர் கண்டுவிடுவார் என்ற கூச்சம். கேள்வி கேட்கும் உரிமை கடனோடு சேர்ந்து அடகு போய்விடுகிறது. கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்களித்தால் மாறு செய்கிறான் என்று காரணம் கூறி, நபி (ஸல்) அவர்கள் தமது தொழுகையிலேயே கடனிலிருந்து பாதுகாவல் தேடியதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. "நாளைக்குத் தாறேன் நானா" என்று சொல்லி, மறுநாள் கடைக்கு முன்னால் செல்லும் வீதியைத் தவிர்த்து வேலியோரமாகச் சுற்றிப் போகும் மனிதரை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். சில வேளை அந்த மனிதர் நாமாகவே இருந்திருக்கிறோம்.

ஆகவே சிக்கனம் என்பதை நான் பொருளின் விலையிலிருந்து தொடங்கப் போவதில்லை. கொப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

மேற்சொன்ன 2:282ஆம் வசனத்தில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. எழுதுபவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியவர் யார்? கடன் கொடுத்தவர் அல்லர். கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது அவ்வசனம். நம் ஊரிலோ தலைகீழ். முதலாளி சொல்லி, முதலாளியே எழுதி, முதலாளியே கூட்டுகிறார். நாம் மாத முடிவில் தொகையை மட்டும் கேட்கிறோம். வீட்டில் உங்களுக்கென்று ஒரு கொப்பி வையுங்கள். வாங்கிய பொருள், நிறை, விலை, திகதி ஆகிய நான்கையும் அன்றன்றே பிள்ளையைக் கொண்டு எழுதுவியுங்கள். பாடசாலைக் கணக்குப் பாடத்துக்கும் அது பயிற்சியாகும். ஒரு மாதம் எழுதிப் பார்த்த பின், எதை வாங்காமல் விடலாம் என்று உங்களுக்கு எந்த மௌலவியும் சொல்ல வேண்டியிருக்காது.

கடனுக்கு வாங்கினால் விலை கூட எடுக்கலாமா என்று ஒரு கேள்வி எழும். விற்கும்போதே இன்ன விலை, இன்ன தவணை என்று தீர்மானித்துக்கொண்டால், ரொக்க விலையைவிட அது கூடுதலாக இருப்பினும் ஆகுமானதே என்பது பெரும்பான்மை உலமாக்களின் கருத்து. தீர்மானித்த பின் தவணை தவறியதற்காகத் தொகையைக் கூட்டுவதுதான் வட்டியாகும். ஆகவே கடனுக்கு வாங்குபவர் விலையைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்பது அவமரியாதை அன்று. வியாபாரம் செல்லுபடியாவதற்கே விலை தெரிந்திருக்க வேண்டும்.

பழைய நிலுவையை ஒரே நாளில் அடைக்க எவராலும் இயலாது. அதற்காக நுண்கடன் எடுக்கப் போகாதீர்கள். 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற சிறு கடன்களை அரசாங்கமே பொறுப்பேற்க நேரிட்டது என்றால், அந்தக் கடன்கள் வீடுகளை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதலாளியிடம் சென்று பழைய தொகைக்குக் கீழே ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அத்தொகையை வாரம் 500 அல்லது 1,000 ரூபாயாகக் குறைத்து வாருங்கள். புதிதாக வாங்குவதில் ஏதேனும் ஒரு பொருளை மட்டும் முதலில் காசுக்கு மாற்றுங்கள். நான் அரிசியைச் சொல்வேன். ஏனெனில் வன்னியில் நாம் அரிசியை அறுவடைக் காலத்தில் வாங்கி வைக்கலாம். கொழும்பில் இருப்பவருக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

பெரும்போக நெல் மாசி, பங்குனியில் வீட்டு வாசலுக்கு வருகிறது. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் ஆகியவற்றின் கீழ் விளைந்த நெல் நம் கண்ணெதிரே லொறியில் ஏறிப் போகிறது. சில மாதங்களில் அதே அரிசி பையில் அடைபட்டு, கூடிய விலைக்கு நம் கடைக்கே திரும்பி வருகிறது. ஒரு கணக்குப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் நெல் சந்தைப்படுத்தல் சபை ஒரு கிலோ நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை 120 ரூபாய். அக்காலத்தில் நாட்டரிசிக்கு இருந்த உச்ச சில்லறை விலை 230 ரூபாய். 100 கிலோ நெல் 12,000 ரூபாய். அதைக் குற்றினால் ஏறத்தாழ 65 கிலோ அரிசி கிடைக்கும். அந்த 65 கிலோவைக் கடையில் வாங்கினால் 14,950 ரூபாய். மிச்சம் 2,950. இதிலே அவிப்பதற்கான விறகு, ஆலைக் கூலி, ஏற்றுக் கூலி போக ஒரு பங்கு நமக்கு நிற்கும். தவிடு கோழிக்கு ஆகும். பெரிய இலாபம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அறுவடைக்குப் பின் விலை ஏறும் மாதங்களில் அந்த வீடு கொப்பியைத் திறக்காது.

நெல்லை நன்கு காயவைக்க வேண்டும். பல்லிடையே கடித்தால் அவல் போல நசியாமல் முறிய வேண்டும். ஈரநெல்லைக் கட்டி வைத்துப் பூஞ்சணம் பிடித்த பின் அழுவதில் பயனில்லை. காய்ந்த வேப்பிலை போட்டு வைக்கும் வழக்கம் நம் மூத்தவர்களிடம் இருந்தது. யூஸுஃப் (அலை) அவர்களும் எகிப்து மக்களுக்குத் தானியத்தைக் கதிரோடே விட்டுவைக்கும் முறையைக் கற்பித்தார்கள் (12:47). உளுந்து, பயறு, கச்சான் ஆகியவற்றையும் செட்டிகுளம், வவுனியாப் பகுதியில் விளையும் காலத்திலேயே இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து மூட்டையாக வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம்.

இது பதுக்கல் ஆகாதா என்று ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. விலை ஏறட்டும் என்று சந்தையிலிருந்து மறைத்து வைப்பவன் பாவி என்று ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அதே வேளை நபி (ஸல்) அவர்கள் தமது குடும்பத்துக்கு ஓராண்டு உணவை எடுத்து வைத்தார்கள் என்று உமர் (ரழி) அவர்கள் அறிவிப்பது புகாரியில் உண்டு. வீட்டுக்கு வைப்பது வேறு. ஊருக்கு இல்லாமல் ஆக்குவது வேறு. மற்றொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடனுக்காக அவசரமாக விற்கும் பக்கத்து வீட்டு விவசாயியிடம் அடிமாட்டு விலைக்கு நெல் வாங்கி, அதைச் சிக்கனம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அளவையைப் பற்றி இரண்டு ஹதீஸ்கள் உள்ளன. உணவை அளந்துகொள்ளுங்கள், பரக்கத் கிடைக்கும் என்பது ஒன்று. மற்றொன்றில், தம் வீட்டிலிருந்த சிறிதளவு வாற்கோதுமையை நீண்ட காலம் உண்டு வந்ததாகவும், ஒரு நாள் அதை அளந்தபோது அது தீர்ந்துவிட்டதாகவும் ஆயிஷா (ரழி) அவர்கள் சொல்கிறார்கள். அரபுக் கல்லூரியில் இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று முரணோ என்று விவாதித்தோம். வாங்கும்போது அளப்பது உரிமையைப் பேணுவது. மீதமிருப்பதை மனக்குறையோடு அளந்து பார்ப்பது வேறு என்று அறிஞர்கள் இணக்கம் காட்டியுள்ளார்கள். எனக்கு இது கிதாபில் விளங்குவதற்கு முன்பே உம்மாவிடம் விளங்கியது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் கைக்குழந்தை. புத்தளத்து முகாமில் நிவாரண அரிசியில்தான் வளர்ந்தேன். உம்மா பால்பேணி ஒன்றால் சுண்டு கணக்கில் அரிசி எடுப்பார். அளந்து எடுத்ததிலிருந்து ஒரு பிடியைத் திருப்பி வேறொரு முட்டியில் போடுவார். பிடியரிசி முட்டி. நிவாரணம் பிந்திய கிழமைகளில் அந்த முட்டியை அவிழ்ப்பார். பக்கத்துக் குடிசைக்கும் அதிலிருந்துதான் கொடுப்பார். மீதம் எவ்வளவு என்று அவர் எண்ணியதை நான் கண்டதில்லை.

கடைத் தராசை அளப்பதற்கோ நமக்குச் சட்டமே துணை நிற்கிறது. வியாபாரத் தராசுகள் அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தால் சோதிக்கப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். விலைப்பட்டியல் கடையில் தெரியும்படி இருக்க வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டு கொடுக்க வேண்டும். பக்கற்றில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். முதலில் முதலாளியிடமே மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள்.

சிறு பக்கற்றுகளைப் பற்றி ஒரு சொல். 20 கிராம் 50 ரூபாய், 400 கிராம் 800 ரூபாய் என்று ஒரு பொருள் விற்பதாக வைத்துக்கொள்வோம். சிறியதாக 20 வாங்கினால் 1,000 ரூபாய். 200 ரூபாய் வீணாகிறது. ஆனால் பெரியதுதான் எப்போதும் மலிவு என்று கண்ணை மூடி நம்பாதீர்கள். சில பொருள்களில் சிறியதே மலிவாக இருப்பதுண்டு. விலையை நிறையால் பிரித்துப் பார்க்கும் வேலையை வீட்டிலிருக்கும் சாதாரண தர மாணவரிடம் ஒப்படையுங்கள். கையில் தொலைபேசி இருக்கிறது. அதில் கணிப்பானும் இருக்கிறது.

ரமழானைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு வேளை உணவைக் குறைக்கும் மாதத்தில் நம் வீட்டுச் செலவு கூடுகிறது! பள்ளிவாசலில் கஞ்சி காய்ச்சுகிறார்கள்; வீட்டிலும் ஐந்து வகை பொரியல். தராவீஹ் முடிந்து வரும்போது பாதி குப்பைக்குப் போகிறது. வீண்விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்று அழைக்கும் வசனத்தை (17:27) அதே மாதத்தில்தான் ஓதி முடிக்கிறோம். பெருநாள் உடுப்பை ஷஃபானிலேயே வாங்கிவிட்டால் விலையும் நெரிசலும் குறைவு. அதற்கு முன்கூட்டியே சேர்க்க, பெண்கள் தமக்குள் பிடிக்கும் குலுக்கல் சீட்டு உதவும். கழிவுக்கு எடுக்கும் ஏலச் சீட்டில் வட்டி கலப்பதால் அதைத் தவிர்ந்துகொள்ளுங்கள்.

இன்றிரவு இஷாவுக்குப் பின் ஒரு காரியம் செய்யுங்கள். கடைக்கு நீங்களே செல்லுங்கள், பிள்ளையை அனுப்பாதீர்கள். முதலாளியோடு அமர்ந்து கொப்பியை முதல் பக்கத்திலிருந்து பார்த்து, நிலுவையை உங்கள் கொப்பியிலும் எழுதி, இருவரும் ஒப்பமிடுங்கள். முதல் 500 ரூபாயைக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.