அர்த்தம் மட்டும் போதுமா?

நடுவர் அவர்களே! எதிரணியிலே அனல் பறக்கப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிற தங்கை அவர்களே!

தங்கை என்ன சொன்னாங்க? "ஒரு நாளைக்குப் பத்து ஆங்கிலச் சொல், அர்த்தத்தோடு மனப்பாடம் பண்ணுங்க, ஆங்கிலம் தானா வந்துடும்." வருமா ஐயா?

ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி போட்டவர் சாமுவேல் ஜான்சன். 1755-இலே வெளிவந்தது. அதிலே 'நெட்வொர்க்' என்ற சொல்லுக்கு விளக்கம் எழுதியிருக்கிறார். வலைப்பின்னல், அவ்வளவுதானே? அவருடைய விளக்கம் புரிய வேண்டுமென்றால் அதே அகராதியை இன்னும் மூன்று தடவை புரட்ட வேண்டும்! (சிரிப்பு) ஆனால் கெட்டிக்காரர். நூல்களிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலே மேற்கோள் எடுத்துச் சொல்லுக்குப் பக்கத்திலே வைத்தார்.

நம்ம ஊர்க் கல்யாண விளம்பரத்திலே 'ஹோம்லி' பெண் தேவை என்று போடுகிறோம். குடும்பப் பாங்கான பெண் என்று நமக்கு அர்த்தம். அமெரிக்காவிலே இருக்கிற மாப்பிள்ளை அதை அந்த ஊர் நண்பனிடம் காட்டினால், "ஏம்ப்பா, பார்க்க லட்சணமில்லாத பொண்ணுதான் வேணும்னு உங்கப்பா கேட்கிறாரா?" என்பான். (பலத்த சிரிப்பு) அந்த ஊர் வாக்கியம் நாலு படித்திருந்தால் விளம்பரக் காசு மிச்சம்!

பலமான மழை 'ஹெவி ரெயின்'. பலமான காற்று? 'ஹெவி' இல்லை, 'ஸ்ட்ராங் விண்ட்'. டீயும் ஸ்ட்ராங்! தப்பு செய்தேன் என்பதை நம்ம பிள்ளை 'டூ' போட்டு எழுதும். ஆங்கிலக்காரன் 'மேக்' போடுவான். இதெல்லாம் எந்த அர்த்தத்திலே இருக்கு? வாக்கியத்திலே அல்லவா இருக்கு!

1987-இலே பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஜான் சின்க்ளேர் குழுவினர் 'கோபில்ட்' என்று ஓர் அகராதி கொண்டுவந்தார்கள். நூல்களையும் பத்திரிகைகளையும் கணிப்பொறியிலே ஏற்றி, மக்கள் நிஜமாகவே எழுதிய வாக்கியங்களை உதாரணமாகப் போட்டார்கள். அதிலே விளக்கமே முழு வாக்கியமாகத்தான் இருக்கும். தங்கையே, உங்க கட்சி விளக்கம் எங்க கட்சிக்கு ஓடி வந்துவிட்டது! (கைதட்டல்)

சிரிக்கிற விஷயம் மட்டுமில்லை, ஐயா. என்னிடம் ஒரு பையன் படித்தான். தமிழ் வழி, வீட்டிலே முதல் பட்டதாரி. இரண்டாயிரம் சொல்லுக்கு அர்த்தம் சொல்லுவான். வேலைக்கான நேர்முகத் தேர்விலே "உன்னைப் பற்றிச் சொல்லு" என்று ஆங்கிலத்திலே கேட்டார்கள். வாய் திறக்கவில்லை. அரிசியும் பருப்பும் மூட்டை மூட்டையாக இருக்கு. ஒரு நாளும் அடுப்பு மூட்டினதில்லை. வெளியே வந்து அழுதான்.

அப்புறம் ஒரு நோட்டுப் போட்டான். சொல், அர்த்தம், அதற்குக் கீழே தன் வீட்டைப் பற்றி ஒரு வாக்கியம். அர்த்தம் வேண்டாமென்று நாங்களும் சொல்லவில்லையே! 'ரிலக்டன்ட்' என்றால் மனமில்லாமல். அந்தச் சொல்லை வைத்து, "எங்கப்பா மனசே இல்லாமல் மாட்டை விற்றார், என் பரீட்சைப் பணத்துக்காக" என்று ஆங்கிலத்திலே எழுதியிருந்தான். ஐயா, அந்தச் சொல்லை அவன் மறப்பானா?

நடுவர் மணிமேலே கை வைத்துவிட்டார்.