வராதவர் அல்ல, விடப்பட்டவர்

(மகளிர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கருப்பைவாய்ப் புற்றுநோய் முகாம் நடந்தால், இத்தனை பெண்களுக்குப் பரிசோதனை செய்தோம் என்று அறிவிக்கிறார்கள். நல்லது. நான் கேட்பது அதற்கு அடுத்த கணக்கை. அவர்களில் 'பாசிட்டிவ்' வந்தவர்கள் எத்தனை பேர்? சிகிச்சை முடித்தவர்கள் எத்தனை பேர்?

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் வந்துவிட்டது என்று பொருளல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் கழித்துப் பார்ப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேல் பரிசோதனை வேண்டும், அவ்வளவுதான். பலருக்கு அது வெறும் அழற்சியாக இருக்கும். சிலருக்குப் புற்றுக்கு முந்தைய மாற்றமாக இருக்கும். அது புற்றாக வளரப் பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்தத் திசுவைக் குளிராலோ சூட்டாலோ அழித்துவிடலாம். பெரும்பாலோருக்குக் கருப்பையை எடுக்க வேண்டியதே இல்லை.

அப்படியானால் நம் பெண்கள் ஏன் சாகிறார்கள்?

எங்கள் காலனிப் பெண்களுக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் நான். முதல் நாள் பரிசோதனை. இன்னொரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் கால்போஸ்கோபி. சதை எடுத்தால் முடிவு வாங்க ஒரு நாள். சிகிச்சைக்கு ஒரு நாள். ஓராண்டு கழித்து மறுபரிசோதனை. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு ஒவ்வொரு நாளும் கூலி இழப்பு. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், பேருந்தும் பட்டினியும் இலவசமில்லை.

கூலியோடு மானமும் போகிறது. ஒரு ஆஸ்பத்திரியில் வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி ஒரு அக்காவின் முடிவைச் சொன்னார்கள். முகவரியைப் பார்த்துவிட்டு, "காலனியா? சுத்தமா இருந்தா இதெல்லாம் வருமா?" என்றார்கள். இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. வைரஸ். உடலுறவு வாழ்வுள்ள பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அது தொற்றும். அதற்குச் சாதி தெரியாது, கேள்வி கேட்டவருக்குத் தெரிந்திருக்கிறது. "இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன் பாப்பா" என்றார் அக்கா. பதிவேட்டில் என்ன எழுதுவார்கள்? 'வரவில்லை'.

இதற்கு மாற்று உண்டு என்பதை நம் திண்டுக்கல் மாவட்டமே காட்டியது. 2000இல் அங்கே தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுப் பெண்களைச் செவிலியர்கள் பரிசோதித்தார்கள். மாற்றம் தெரிந்தவர்களுக்குக் கால்போஸ்கோபியும், பொருத்தமானவர்களுக்குக் குளிர் சிகிச்சையும் அதே வருகையிலேயே கிடைத்தன. 2007இல் முடிவுகள் வெளிவந்தன. பரிசோதனைக்கு அழைக்கப்படாத ஊர்களோடு ஒப்பிட்டால், இந்த நோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களும் கிராமத்து ஏழைப் பெண்கள்தான். அவர்களை அலையவிடவில்லை, அதுதான் வேறுபாடு.

உலக சுகாதார நிறுவனம் 2030க்கு மூன்று இலக்குகள் வைத்திருக்கிறது: 90 சதவீதச் சிறுமிகளுக்குத் தடுப்பூசி, 70 சதவீதப் பெண்களுக்குப் பரிசோதனை, நோய் கண்டறியப்பட்டவர்களில் 90 சதவீதத்தினருக்குச் சிகிச்சை. மூன்றாவதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நாம் பேசுவோம். முடிந்தவர்களுக்கு அன்றே சிகிச்சை கொடு. சிகிச்சை நாளுக்குக் கூலியோடு விடுப்புக் கொடு. முடிவைத் தனியறையில் சொல், அடுத்து எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிக் கொடு. வராதவரைச் செவிலியர் வீடு தேடிப் போகட்டும். சிகிச்சை முடித்தவர்களின் எண்ணிக்கையை மாவட்டவாரியாக வெளியிடு. இவை சலுகைகள் அல்ல, உரிமைகள்.

இளம் தோழர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம், அத்தையிடம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேளுங்கள்: "பரிசோதனை செஞ்சீங்களா? சீட்டுல என்ன போட்டிருக்கு?" சீட்டு அரிசிப் பானைக்குள் கிடந்தாலும் எடுத்துப் பாருங்கள். தேதி தாண்டியிருந்தாலும் போகலாம். நீங்களும் கூடவே போங்கள்.