எரிந்த ஆறும் ஈரி ஏரியும்

(திங்கட் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

தமிழாசிரியன் ஒருவன் அமெரிக்க நாட்டு ஏரியொன்றைப் பற்றிப் பேச எழுந்திருப்பது உங்களுட் சிலர்க்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் கரணியம் எங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்பு மாணவன் ஒருவன். நிலநூலாசிரியர் வாராத நாளொன்றில் அவ்வகுப்பை நான் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. சுவரிலே தொங்கிய வட அமெரிக்கப் படத்தை அவன் உரத்துப் படித்துக்கொண்டே வந்தவன், 'ஈரி ஏரி' என்னும் இடத்தில் நின்றான். வகுப்பு முழுதும் சிரித்தது. "ஐயா, அவர்களும் ஏரிக்கு ஏரி என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்களா?" என்றான். நானும் சிரித்தேனே தவிர விடை கூற இயலவில்லை. அன்று மாலையே தேடத் தொடங்கினேன். பெயரைத் தேடிப் போனவனை அவ்வேரி தன்னுள்ளே இழுத்துக்கொண்டது.

பெயரைப் பற்றி முதலிற் சொல்லிவிடுகிறேன். ஈரிக்கும் நம் ஏரிக்கும் உறவில்லை. ஒலி ஒத்திருக்கக் கண்டவுடன் உறவு கொண்டாடிவிடும் பழக்கம் நம்மவரிற் சிலர்க்கு உண்டு. அது மொழிநூலாகாது, பிறர் நம்மை எள்ளுதற்கே அது இடந்தரும். ஈரி என்பது அவ்வேரியின் தென்கரையில் வாழ்ந்த பழங்குடி ஒன்றன் பெயர். 17-ஆம் நூற்றாண்டின் நடுவில், அண்டைக் குடிகளின் கூட்டமைப்போடு மூண்ட போரில் அவர்கள் அழிந்தனர். எஞ்சியோர் பிறரோடு கலந்து மறைந்தனர். அவர்தம் மொழி எழுத்தில் ஏறாமலே மறைந்தது. இன்று ஏரியின் பெயரிலேதான் அவர்கள் வாழ்கிறார்கள். அந்த ஏரியையும் 20-ஆம் நூற்றாண்டு சாகடிக்கப் பார்த்தது.

ஈரி சிறிய நீர்நிலையன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 25,700 சதுரக் கிலோமீட்டர். அஃதாவது நம் தமிழ்நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. வடகரை கனடாவுக்கு உரியது. ஒகையோ, மிச்சிகன், பென்சில்வேனியா, நியூயார்க்கு என்னும் அமெரிக்க மாநிலங்கள் மற்றைக் கரைகளைப் பங்கிட்டுக்கொண்டுள்ளன. ஒரு கோடிக்கு மேற்பட்ட மக்கள் அதன் நீரைக் குடிக்கின்றனர். வட அமெரிக்காவின் ஐம்பேரேரிகளுள் ஆழம் மிகக் குறைந்தது இதுவே. நிரவலாக 19 மீட்டர். மேற்குப் பகுதியிலோ ஏழெட்டு மீட்டர்தான். வெயிலின் வெம்மை எளிதில் உள்ளிறங்குவதால் மீன் கொழிக்கும். அதே வெம்மையிற் பாசியும் கொழிக்கும். ஆனால் இதற்கு ஒரு நற்பேறும் உண்டு. இதன் நீர் முழுதும் மூன்றாண்டுக்குள் வெளியேறிப் புதுநீர் வந்துவிடும். அதே கூட்டத்தைச் சேர்ந்த சுப்பீரியர் ஏரிக்கு இதற்கு ஏறத்தாழ 190 ஆண்டு வேண்டும். ஆகவே ஈரி விரைவில் நோயுறும். விரைவில் தேறவும் செய்யும்.

நோயின் முதலறிகுறியைக் காட்டியது ஒரு பூச்சி. ஈசலைப் போலக் கூட்டங் கூட்டமாக நீரிலிருந்து எழுந்து, ஓரிரு நாள் வாழ்ந்து மடியும் பூச்சியினம் ஒன்று அங்கே உண்டு. அதன் குஞ்சுகள் ஏரியின் அடிச்சேற்றில் வளரும். 1953-ஆம் ஆண்டு செபுதம்பரில், காற்றோட்டமற்ற சில நாள்களில் அடிநீரின் உயிர்வளி அற்றுப்போக, அக்குஞ்சுகள் பேரளவில் மாண்டன. அடுத்த சில ஆண்டுகளில் மேற்குப் பகுதியிலிருந்து அவ்வினமே மறைந்தது. அன்று அதனைப் பெரிதாக எண்ணியவர் சிலரே. விளக்கைச் சுற்றிக் குவிந்து தொல்லை தந்த பூச்சி ஒழிந்தது என்று மகிழ்ந்தாரும் இருந்திருப்பர்.

1969 சூன் 22-ஆம் நாள் நிகழ்ந்ததைத்தான் உலகம் அறியும். கிளீவுலாந்து நகரின் நடுவே ஓடி ஈரியில் விழும் குயாகோகா ஆற்றில், மிதந்த எண்ணெய்க் கழிவு தீப்பற்றி எரிந்தது. நீர் எரிந்தது, நண்பர்களே! ஆயின் அத்தீ அரைமணி நேரத்திற்குள் அணைந்துவிட்ட சிறு தீயே. அவ்வாறு அதற்கு முன்னும் பன்முறை எரிந்ததுண்டு. 1952-இல் எரிந்தது இதனினும் பெரிது. செய்தியிதழ் ஒன்று 1969-ஆம் ஆண்டுத் தீயைப் பற்றி எழுதியபோது வெளியிட்ட படமும் 1952-ஆம் ஆண்டுப் படமே. தீ புதிதன்று, பார்த்த கண்களே புதியன. அந்நகரின் தலைவர் கார்ல் இசுடோக்சு மறுநாளே செய்தியாளரை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்று காட்டினார். அவர் கறுப்பின மக்களிலிருந்து வந்து அந்நாட்டுப் பெருநகர் ஒன்றன் தலைவரான முதல்வர்.

ஏரியைப் பச்சைக் குழம்பாக்கியது எண்ணெயன்று, வேறொன்று. நம் உழவர் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து என்கிறார்களே, அவற்றுள் நடுவிலுள்ள மணிச்சத்துதான். நகரங்களின் சாக்கடையோடும் சலவைத்தூளோடும் அது ஏரிக்கு வந்துகொண்டிருந்தது. சலவைத்தூள் ஆக்குவோர் இதனை ஒப்பவில்லை. பாசிக்குக் கரிதான் கரணியம் என்று வாதிட்டனர். இவ்வழக்கைத் தீர்த்தது கனடா அரசின் பணத்தில் நடந்த ஓர் ஆய்வு. ஒன்றாரியோ மாநிலத்தின் வடமேற்கே பல சிற்றேரிகளை அவ்வரசு 1968-இல் ஆய்வுக்கென ஒதுக்கியது. அங்கே தேவிடு சிண்டிலர் என்னும் அறிவியலார் 1973-இல், 226 என எண்ணிட்ட ஏரியைத் திரைகட்டி இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதியிற் கரியும் தழைச்சத்தும் இட்டார். மறுபாதியில் அவ்விரண்டோடு மணிச்சத்தையும் சேர்த்திட்டார். சில கிழமைகளில் இரண்டாம் பாதி பச்சையாயிற்று. முதற்பாதி தெளிந்தே இருந்தது. வானிலிருந்து எடுத்த ஒரே படம் வழக்கை முடித்தது. அத்தகைய ஆய்வுக்களத்திற்கு இனிப் பணமில்லை என்று நடுவணரசு 2012-இல் அறிவித்ததையும், வேறோர் ஆய்வு நிறுவனம் மாநில அரசுகளின் துணையோடு 2014-இல் அதனை ஏற்று நடத்த வேண்டியிருந்ததையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

1972 ஏப்பிரல் 15-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சனும் கனடாத் தலைமையமைச்சர் துருதோவும் ஐம்பேரேரிகளின் நீர்த்தூய்மை உடன்படிக்கையில் கையொப்பமிட்டனர். அதே ஆண்டு அமெரிக்காவில் தூயநீர்ச் சட்டம் வந்தது. நகரங்கள் கழிவுநீர்த் தூய்மையகம் கட்டும் செலவில் நூற்றுக்கு 75 பங்கை நடுவணரசே தந்தது. ஆலைகளும் நகரவைகளும் எவ்வளவு கழிவு விடலாம் என்பதற்கு வரம்பு கட்டி, மீறினால் ஒறுக்கவும் செய்தனர். 1960-களின் இறுதியில் ஆண்டுக்கு 25,000 தொன்னுக்கு மேல் வந்த மணிச்சத்து, 1980-களில், வகுத்த இலக்காகிய 11,000 தொன்னை எட்டியது. நீர் தெளிந்தது. மீன்வளம் தேறியது. 1990-களின் தொடக்கத்தில் அப்பூச்சியும் மீண்டது. கோடைதோறும் அது கூட்டமாக எழும்போது, மழை பார்க்கும் கருவியில் முகில்போலத் தெரியும் அளவுக்கு இன்று பெருகியுள்ளது.

இங்கே ஒரு நூற்செய்தி. சூசு என்னும் புனைபெயரினர் 1971-இற் குழந்தைகளுக்காக எழுதிய 'லோராக்சு' என்னும் நூலில் ஈரியின் இழிநிலையைக் குறிக்கும் ஓர் அடி இருந்தது. ஏரி தேறியபின் ஒகையோ ஆய்வாளர் இருவர் அவர்க்கு மடல் எழுத, அவர் இசைந்து, பின்வந்த பதிப்புகளில் அவ்வடியை நீக்கினார். ஓர் ஏரி நலம்பெற்றதனால் நூலிற் பாடம் மாறியதை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அடி நீங்கியது, பாசி மீண்டது. 1990-களின் நடுவிலிருந்து மேற்குப் பகுதியில் மறுபடியும் பச்சை படர்ந்தது. 2014 ஆகத்து 2-ஆம் நாள் விடியலில் தொலிடோ நகரத்து மக்களுக்கு ஓர் அறிவிப்பு வந்தது: குழாய்நீரைக் குடியாதீர், காய்ச்சவும் காய்ச்சாதீர், காய்ச்சினால் நஞ்சு மேலும் செறியும். பாசிபோன்ற நுண்ணுயிர் ஒன்று சுரக்கும், ஈரலைத் தாக்கும் நஞ்சு அது. ஏறத்தாழ நான்கு இலக்கம் மக்கள் மூன்று நாள் குடிநீரின்றித் தவித்தனர். படையினர் வண்டிகளில் நீர் கொணர்ந்து வழங்கினர். உலகின் நன்னீர்ப் பெருஞ்சேமம் ஒன்றன் கரையில் நிகழ்ந்தது இது.

ஏன் மீண்டது? சாக்கடை பெருகவில்லை, தூய்மையகங்கள் பழுதுபடவில்லை. இவ்விடத்திலேதான் உங்கள் செவியை நான் சிறப்பாக வேண்டுகிறேன். ஒகையோவில் திப்பின் என்னும் சிறிய ஊரில் ஐடல்பெர்கு என்னும் சிறு கல்லூரி உண்டு, இன்று பல்கலைக்கழகம். அங்குள்ள ஆசிரியர்கள் 1969-இல் ஆற்றுநீரை அளக்கத் தொடங்கினர். ஈரியில் விழும் மௌமீ ஆற்றில் 1970-களின் நடுவிலிருந்து நாள்தோறும், வெள்ளக் காலத்தில் நாளுக்கு மும்முறைகூட, ஒரு குப்பி நீர் எடுத்து ஆய்ந்து எழுதிவைத்தனர். பட்டம் தரும் வேலையன்று. பதவி தரும் வேலையன்று. பத்தாண்டு அளந்தும் புதிதாக ஒன்றும் சொல்லாத குறிப்பேட்டுக்கு ஆண்டுதோறும் பணம் கேட்டு நிற்பது எத்துணைக் கடினம் என்பதை, பள்ளி நூலகத்திற்கு நூல் கேட்டு நின்றவன் என்ற முறையில் நான் அறிவேன்.

அக்குறிப்பேடே மறுமொழி சொன்னது. மௌமீ கொணரும் மணிச்சத்தின் மொத்த அளவு பெரிதும் ஏறவில்லை. ஆனால் அதன் வடிவம் மாறியிருந்தது. முன்பு மண்துகளோடு ஒட்டி வந்தது. 1990-களின் நடுவிலிருந்து நீரிற் கரைந்து வரும் பங்கு ஏறிக்கொண்டே போனது. மண்ணோடு ஒட்டியதிற் பெரும்பகுதி அடியிற் படிந்துவிடும்; கரைந்ததைப் பாசி அப்படியே உண்ணும். மொத்தத்தை மட்டும் அளந்திருந்தால் இது தெரிந்தேயிராது.

இதற்குக் கரணியங்கள் பல. மௌமீ பாயும் நாடு 19-ஆம் நூற்றாண்டில் வடிக்கப்பட்ட பெருஞ்சதுப்பு நிலம். வயலின் அடியிலே துளைக்குழாய்கள் புதைத்து நீரை வடித்துத்தான் அங்கே மக்காச்சோளமும் சோயாமொச்சையும் பயிரிடுகின்றனர். உரம் கரைந்த நீர் அக்குழாய் வழியே நேரே வாய்க்காலுக்குப் போகிறது. மண்ணரிப்பைத் தடுக்கவென்று உழாமற் பயிரிடும் முறையை அரசே பரப்பியிருந்தது. அதனால் மேலே தூவிய உரம் மேலேயே தங்கி மழையிற் கரைந்தது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். முந்தைய நோய்க்கு இட்ட மருந்து பிந்தைய நோய்க்கு இடங்கொடுத்திருக்கிறது. கருங்கடற் பக்கத்திலிருந்து கப்பல்கள் தம் அடியில் நிரப்பிவந்த நீரோடு 1980-களின் இறுதியிற் புகுந்த வரிக்குதிரைச் சிப்பியும், நல்ல பாசியை உண்டு நச்சுப்பாசியை உமிழ்ந்து தன் பங்கைச் செய்தது.

அரசுப் பணம் இப்போதும் குறைவன்று. ஐம்பேரேரி மீட்புத் திட்டத்திற்கு அமெரிக்க அரசு 2010-இல் 47 கோடியே 50 இலக்கம் தாலர் ஒதுக்கியது. பின்னர்ப் பெரும்பாலும் ஆண்டுக்கு 30 கோடி அளவில் வந்தது. 2021-ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் இன்னும் 100 கோடி சேர்ந்தது. 2017-இல் அத்தொகையைச் சுழியாக்க வெள்ளை மாளிகை முனைந்தபோது ஏரிக்கரை மாநிலங்களின் இரு கட்சியினரும் ஒன்றுகூடி மீட்டனர். அப்பணத்தில் ஆற்றுவாய்களின் நச்சுச்சேற்றை அள்ளுகிறார்கள். சதுப்பு நிலங்களை மீட்கிறார்கள். 'ஏரிக்காவலன்' என்று பொருள்படும் பெயருடைய ஆய்வுக்கப்பல் வேனிற்றொடக்கத்திலும் கோடையிலும் ஐந்து ஏரிகளையும் சுற்றி நீரெடுக்கிறது. கடல் வளிமண்டலத் துறையினர் செயற்கைக்கோள் கொண்டு பாசி எங்கே திரள்கிறது, எப்பக்கம் நகரும் என்று முன்கூட்டிச் சொல்கின்றனர். 2019-இல், தீப்பற்றிய ஐம்பதாம் ஆண்டில், குயாகோகா ஆற்று மீனை உண்ணலாம் என்று ஒகையோ அரசு தளர்வு அளித்தது. இவை பெருஞ்செயல்களே, குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் பச்சை போகவில்லை. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் ஆலைக்குழாயையும் நகரச் சாக்கடையையும் கட்டுப்படுத்தும். மழையோடு வயலிலிருந்து வழிவதைத் தொடாது. அங்கே உழவரிடம் கேட்டுக்கொள்ளலாம், இசைந்தோர்க்குப் பணம் தரலாம், அவ்வளவே. ஒகையோ, மிச்சிகன், ஒன்றாரியோ மூன்றும் 2015-இல் கூடி, 2025-க்குள் மணிச்சத்தை 40 விழுக்காடு குறைப்போம் என்று உறுதி கூறின. ஆண்டு 2025 வந்தது, இலக்கு எட்டப்படவில்லை. நான் உழவர் குடியிற் பிறந்தவன். உழவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு மனம் வராது. ஆயினும் ஆலைக்காரனுக்கு வரம்பு கட்டியபோது ஏரி தேறியது, கெஞ்சியும் கொடுத்தும் பார்த்தபோது தேறவில்லை என்று கணக்கேடு காட்டும்போது நான் என்ன சொல்வது? பல்லாயிரம் மாட்டையும் பன்றியையும் கொட்டிலில் அடைத்து வளர்க்கும் பெருநிறுவனங்களையும் 'உழவர்' என்னும் அதே நல்ல சொல்லுக்குள் ஒளியவிடுவது சொல்லுக்கே இழைக்கும் தீங்கு என்பேன்.

சினங்கொண்ட தொலிடோ மக்கள் 2019-இல் வாக்களித்து, ஏரிக்கே உரிமைகள் உண்டென ஒரு நகரச் சட்டம் இயற்றினர். தழைத்து வாழும் உரிமை அந்நீருக்கு உண்டு. அதன் பெயரால் வழக்கிடலாம் என்றனர். ஓர் உழவுக் குடும்பம் மறுநாளே வழக்குமன்றம் ஏறியது. சொற்கள் தெளிவற்றன என்று நடுவர் 2020-இல் அச்சட்டத்தைத் தள்ளிவிட்டார்.

மௌமீ ஆற்றில் நீரெடுப்பது மட்டும் நிற்கவில்லை. ஐம்பதாண்டுக் குறிப்பேடு அங்கே இருக்கிறது. 40 விழுக்காடு குறைந்ததா இல்லையா என்பதை அமைச்சர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுவதில்லை. அதைப் புரட்டிப் பார்த்தாற் போதும்.

அம்மாணவனிடம் இதிற் பாதியைத்தான் சொன்னேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவன் எழுந்து, "நம் ஊர் ஏரியில் யார் ஐயா நீரெடுத்து எழுதிவைக்கிறார்கள்?" என்றான். பெயரைக் கேட்டபோது நின்றதைப் போலவே அப்போதும் நின்றேன்.