மிச்ச மருந்தும் மடக்கைக் கணக்கும்



சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கம் பட்டாசு ஆலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் ஒரு விதியைச் சொல்வார்கள்: கலந்த வெடிமருந்தை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும், மிச்சம் வைக்கக் கூடாது. ஏன்? ஈரம் பட்டால் பிடித்துக்கொள்ளும். ஈரம் பட்டால் அணையத்தானே வேண்டும், எப்படிப் பிடிக்கும்? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை பள்ளிக்கூட வேதியியலில் இருக்கிறது. மருந்தில் கலந்திருக்கும் அலுமினியத் தூள் ஈரத்தோடு வினைபுரிந்து வெப்பத்தையும் ஹைட்ரஜனையும் வெளியிடும். தூள் நைசாக இருந்தால் வேகம் கூடும். கூடவே வெடியுப்பும் கந்தகமும் இருக்கும்போது, தேங்கிய வெப்பமே தீக்குச்சி வேலையைச் செய்துவிடும்.

வழக்கமான வகுப்பில் சமன்பாடு முதலில் வரும். ஊர் நடப்பு கடைசியில் எடுத்துக்காட்டாக வந்தாலும் உண்டு, வராவிட்டாலும் உண்டு. சிக்கலை முன்வைத்துக் கற்கும் முறை இந்த வரிசையைத் திருப்பிப் போடுகிறது. மிச்ச மருந்து ஏன் ஆபத்து என்ற கேள்வி முதலில் வரும். ஐந்தாறு பிள்ளைகள் கூடி உட்கார்ந்து, தங்களுக்குத் தெரிந்தது எது, தெரியாதது எது, யாரிடம் கேட்கலாம் என்று எழுதுவார்கள். பாடப்புத்தகம் அதற்குப் பிறகுதான் திறக்கும்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-ல் மருத்துவப் படிப்பை இப்படித்தான் தொடங்கியது. நோயாளி ஒருவரின் தொல்லையை முன்னால் வைத்து, உடலியலையும் மருந்தியலையும் மாணவர்களே தேடிப் படித்தார்கள். நம் நாட்டில் இதற்கு நெருங்கிய உறவு, 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை எடுத்து ஆராய்ந்து, தாய்மொழியிலேயே அறிக்கை படிக்கலாம். தமிழகத்தில் இதைப் பரப்பியதில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்குண்டு.

சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்தில் இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. 1999-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் ஒரு வெடியின் ஓசை 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. சரவெடியானால் ஒவ்வொரு வெடிக்கும் அந்த வரம்பை விதி இன்னும் குறைத்தது: சரத்தில் உள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, அதை 5-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டியிருந்தது. 100 வெடிச் சரத்தில் ஒரு வெடிக்கு வரம்பு 115. ஆயிரம் வெடிச் சரத்தில் 110. எண்ணிக்கை பத்து மடங்கு ஏறியும் வரம்பு ஏன் 5 மட்டும் இறங்குகிறது? மடக்கை எதற்கு என்று முகம் சுளிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல கணக்குக் கிடைக்காது.

பேரியம் உப்பு பச்சை நிறம் தரும் என்பது வேதியியல். அதைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை விதித்தது சமூக அறிவியல். மழை குறைந்த இந்தக் கரிசல் பூமியில் இந்தத் தொழில் வேரூன்றியது புவியியல். பச்சைக்கு மாற்று என்ன, தடையால் வேலை இழந்தவர் என்ன செய்வார் என்ற கேள்விகளுக்கு ஒற்றை விடை கிடையாது. அப்படிப்பட்ட கேள்விகள்தான் இந்த முறைக்கு ஏற்றவை.

இங்கே ஓர் எச்சரிக்கை கட்டாயம் வேண்டும். தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகள் வேலைக்குப் போன காலம் இந்த வட்டாரத்துக்கு உண்டு. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆகவே வகுப்புக்குள் கேள்வி வரலாம், ஒரு சிட்டிகை மருந்துகூட வரக் கூடாது. பிள்ளைகள் ஆலைக்குள்ளும் போகக் கூடாது. விதிநூல், செய்தித்தாள், வேலை செய்தவர்களின் பேச்சு, இவை போதும்.

நேரம் ஏது, பரீட்சை என்னாவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. இம்முறை பற்றிய 43 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2003-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பாடச் செய்திகளைத் தெரிந்துகொள்வதில் ஏற்றம் இல்லை, ஆனால் கற்றதைப் பயன்படுத்தும் திறன் தெளிவாகக் கூடுகிறது என்கிறது. எனவே பாடம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை; பருவத்துக்கு ஒரு சிக்கல் எடுத்தால் போதும்.

ஆலைகளில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். மருந்தை ஏன் மிச்சம் வைக்கக் கூடாது என்று உங்கள் பிள்ளை நோட்டும் கையுமாக வந்து நின்றால், "போய்ப் படி" என்று விரட்டாதீர்கள். அதுதான் படிப்பு, தெரிந்ததைச் சொல்லுங்கள்.