கட்டைகள் சொல்லித்தரும் கல்வி



2017 முதல் நம் நாட்டுத் தொடக்கப்பள்ளிப் பாடத்திட்டத்தில் கணினிச் சிந்தனை இடம்பெற்றுள்ளது. அதைப் பழக உதவும் 'ஸ்கிராட்ச்', 2007இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கழகம் வெளியிட்ட இலவச மென்பொருள்.

அதில் கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும். '10 அடி நட', '15 பாகை திரும்பு' என்ற இரண்டையும் '24 முறை செய்' என்ற கட்டைக்குள் கோத்தால், திரையிலுள்ள பூனை பிராகாரம் சுற்றுவதுபோல் ஒரு முழு வலம் வரும். 12 என்று போட்டால் பாதியில் நின்றுவிடும். ஏன் நின்றது என்று பிள்ளையே தேடித் திருத்தும். இந்தப் பழக்கமே உண்மையான கல்வி.

ரஹாங்கிலும் தோட்டப்புறங்களிலும் வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அந்தப் பழக்கம் எப்படி வரும்? கோயில் மண்டபத்தில் வாரம் ஒரு மணி நேரம், பழைய மடிக்கணினிகள் சில, அருகிலமர்ந்து சொல்லித்தர ஓர் இளைஞர் போதும். அன்னதானத்தோடு இதனையும் அறமாக ஏற்போமாக.