சீலோவாம் கோபுரமும் நம் வீட்டு அலமாரியும்

(தவக்காலம் மூன்றாம் ஞாயிறன்று வானொலியில் வழங்கிய மறையுரை)



சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் இறந்ததை இன்றைய நற்செய்தியில் ஆண்டவர் நினைவூட்டுகிறார். இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லவே இல்லை என்கிறார். பிறகு, உயிரோடிருப்பவர்களை மனம் மாறச் சொல்கிறார்.

நிலநடுக்கம் என்றதும் "கடவுளின் தண்டனை" என்பார் சிலர். அவர்களுக்கு ஆண்டவரே பதில் சொல்லிவிட்டார். "நம் ஊருக்கு வராது, வந்தாலும் கடவுள் பார்த்துக்கொள்வார்" என்பார் வேறு சிலர். இன்று அவர்களோடு கொஞ்சம் பேச வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் கில்லாரி வட்டாரம், ஆபத்து மிகக் குறைந்த பகுதி என்றுதான் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது. 1993 செப்டம்பர் 30 அன்று விடியுமுன் அங்கே நிலம் குலுங்கியது. மண் சாந்து வைத்துக் கட்டிய கனத்த கற்சுவர்கள், தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் சரிந்தன. பல ஆயிரம் பேர் இறந்தார்கள்.

சுமத்ராவுக்கு அருகே சிமெலூ என்றொரு தீவு. 1907-இல் கடல் பொங்கிப் பலரைப் பறிகொடுத்த மக்கள், "நிலம் பலமாக நடுங்கினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று அந்தச் சொல் அவர்களைக் காத்தது. ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேரே இறந்தார்கள். நம் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆயிற்று. ஆனால் நமக்குச் சொல்ல ஆளில்லை. வேளாங்கண்ணியில் நாம் இழந்தவர்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

இந்த உரையை எழுதும்போது என் அறையை நிமிர்ந்து பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டில் ஆளுயரப் புத்தக அலமாரி! பல ஆண்டுகளாக அதன் கீழேதான் இரவுச் செபம் சொல்லித் தூங்கியிருக்கிறேன். மறுநாளே அதை நகர்த்திச் சுவரோடு பிணைத்தோம்.

இன்று மாலைச் செபம் முடிந்ததும் நீங்களும் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். பரண்மேல் உள்ள கனமான பொருளைக் கீழே இறக்குங்கள். நிலம் நடுங்கினால் படிக்கட்டுக்கு ஓடாதீர்கள், லிஃப்டில் ஏறாதீர்கள். உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். தலையையும் கழுத்தையும் மறையுங்கள். ஆலயத்தில் இருந்தால் வாசலில் முண்டியடிக்காமல் பெஞ்சுகளுக்கு இடையே குனிந்துகொள்ளுங்கள். நடுக்கம் நின்றதும் கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வெளியே வாருங்கள். விரிசல் விட்ட வீட்டுக்குள் திரும்பப் போகாதீர்கள், மறுபடியும் நடுங்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் அறிவிப்புக்குக் காத்திராமல் மேட்டுக்குப் போங்கள். தனியாக இருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கைப்பிடித்து அழைத்து வருவது யார் என்பதையும் இன்றே பேசி வையுங்கள்.

கடவுள் பார்த்துக்கொள்வார் என்பது உண்மைதான். அந்தப் பாட்டியைப் பார்த்துக்கொள்ள அவர் உங்களைத்தான் அங்கே குடிவைத்திருக்கிறார்.

இறைவன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.