மஞ்சள் மாத்திரையின் பெயர்



1917இல் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்தக் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், தென்னமரம் தோட்டத்தில் செம்பனை நட்டார். மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். மருந்து பற்றிய கருத்தரங்கில் செம்பனை எதற்கு என்று கேட்பீர்கள். ரப்பர்ப் பால் மரம் வெட்டியவரின் முதுகுவலி வேறு, செம்பனைக் குலை வெட்டி ஏற்றுகிறவரின் முதுகுவலி வேறு. இருபது கிலோ குலையை நாளெல்லாம் தூக்கியவர் மாலையில் டவுன் மருந்துக்கடைக்கு வந்து கேட்பது ஒன்றுதான்: "அந்த மஞ்சள் மாத்திர குடுங்க."

முப்பது வருடம் கடை மேசைக்குப் பின்னால் நின்றவன் நான். 'மஞ்சள்' என்ற சொல்லைக் கேட்டதும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். யாருக்கு, எத்தனை நாளைக்கு, சர்க்கரை உண்டா, ரத்தக் கொதிப்பு உண்டா என்று கேட்காத நாளும் உண்டு. சம்பள நாளில் வரிசை வாசல் வரை நிற்கும்.

பெயர் தெரியாமல் மருந்து வாங்கும் இந்தப் பழக்கம் கடையில் பிறந்ததல்ல. மலேரியா காலத்தில் காலைப் பெயர் அழைப்பான பெரட்டில் ஆளை நிறுத்திக் கொயினா மருந்தை விழுங்க வைத்தார்கள். பிறகு தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளரான டிரசர் ஐயா சிவப்புத் தண்ணி ஊற்றிக் கொடுத்தார். குடித்தவருக்கு நிறம் தெரியும், கசப்பு தெரியும். பெயரை யாரும் சொல்லவில்லை, கேட்கிற துணிவும் குடித்தவருக்கு இருக்கவில்லை. இன்று தனியார் கிளினிக்கில் டாக்டரே மருந்தும் கொடுத்துவிடுவதால் சீட்டு நம் கைக்கு வருவதே அபூர்வம். வீட்டுக்கு வருவது ஒரு பிளாஸ்டிக் பை. அதில் 'உபாட் தாஹான் சாகிட், 1 பிஜி 3 காலி செஹாரி' என்று மலாயில் எழுதியிருக்கும்; வலி மருந்து, ஒரு மாத்திரை, நாளுக்கு மூன்று வேளை என்று பொருள். மலாய் பேசத் தெரிந்த நம் பாட்டிகள் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது. பை தீர்ந்ததும் மிச்சமாவது நிறம் மட்டுமே. அதைத்தான் கடையில் சொல்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது. 1952ஆம் ஆண்டு விஷச் சட்டப்படி 'பி' பிரிவு மருந்துக்கு டாக்டர் சீட்டு வேண்டும்; 'சி' பிரிவை மருந்தாளர் தம் பொறுப்பில் கொடுத்து, வாங்கியவர் விவரத்தைப் பதிவேட்டில் எழுத வேண்டும். சட்டத்தின் பெயரிலேயே ஒரு வேடிக்கை. தோட்டத்தில் விஷம் என்றால் பாராகுவாட். 2020இல் தடை செய்யப்பட்ட அந்தக் களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்தவர்களிடம் போய், வலி மாத்திரையும் விஷப் பட்டியலில் உள்ளது என்றால் சிரிப்பார்கள்.

சிரிக்கிற விஷயமில்லை. வலி மாத்திரைகளான மெஃபெனாமிக் அமிலமும் டைக்லோஃபினாக்கும் மாதக் கணக்கில் உள்ளே போனால் வயிற்றைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். டெங்கி மலிந்த சிலாங்கூரில், காய்ச்சலோடு வரும் உடம்பு வலிக்கு அதே மஞ்சள் மாத்திரையைப் போட்டால் ரத்தக் கசிவுக்கு வழி திறந்துவிடும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் விற்கும் மூட்டுவலி ஜாமு மூலிகை மருந்துகள் சிலவற்றில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. முகம் உப்பினால் 'உடம்பு தேறிருச்சு' என்கிறார்கள்; அது ஸ்டீராய்டு வீக்கம். திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

வாங்கும் முன் மருந்துப் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் பதிவு எண்ணைப் பாருங்கள். இலக்கங்களுக்குப் பின் வரும் முதல் எழுத்து 'ஏ' என்றால் விஷப் பட்டியல் மருந்து, 'எக்ஸ்' என்றால் பட்டியலில் சேராத மருந்து, 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. மூன்றெழுத்துதான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஒரு நாளில் கற்றுக்கொண்டு பாட்டிக்குப் படித்துக் காட்டும்.

இளைஞர்களின் இருமல் மருந்துப் பழக்கம் பற்றிப் பிற்பகலில் மூன்று கட்டுரைகள் உள்ளன. அதில் நான் தலையிடவில்லை. ஒன்று மட்டும்: போதையில் விழுந்த பையனைப் பற்றி ஊரே பேசுகிறது, பத்து வருடமாக வலி மாத்திரையில் நடமாடி இப்போது டயாலிசிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பற்றி யாரும் கட்டுரை எழுதுவதில்லை.

முதல் அமர்வைத் தொடங்குவதற்கு முன் ஒரு சிறு வேலை. வாசலில் வெற்று நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, தஞ்சோங் காராங் பக்கமிருந்து வந்தவர்கள், உங்கள் லயத்தில் எந்த மாத்திரையை என்ன சொல்லிக் கேட்கிறார்கள் என்று எழுதுங்கள். எதிர்ப் பக்கத்தில் அதன் உண்மைப் பெயரை மருந்தாளர்கள் எழுதட்டும். முதல் வரியில் 'மஞ்சள் மாத்திரை' என்று நானே எழுதி வைத்துவிட்டேன்.